பிஜ்லிக்குப் போர்வை போடுவதா, வேண்டாமா

மதினி,

நேற்றுக் காலை பரணிலிருந்து பிஜ்லியின் போர்வையை இறக்கினேன். மடிப்பைப் பிரித்ததும் சணல் வாடை வந்தது, வேப்பிலைச் சருகு வாடை வந்தது, அதற்கும் அடியில் குதிரை வியர்வை. போன மாசியில் மடித்து வைத்தது நீங்கள்தான். உங்கள் முழங்கைக்குத் தேய்க்கும் தைலம்கூட ஓர் ஓரத்தில் மணத்தது. கொடியில் விரித்துப் போட்டுவிட்டுச் சமையலறைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை. சோறு குழைந்து போயிற்று.

நீங்கள் போனது ஐப்பசியில். இப்போது மார்கழி. கிடர்பூரில் பத்து மணிவரை பனி விலகவில்லை. துறைமுகத்துக் கிரேன்கள் இருக்கிற திசையே தெரியவில்லை. வடக்கேயிருந்து குளிர்காற்று வருகிறது, தூறலும் இருக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கொல்லையில் நீங்கள் போட்ட தகரக் கொட்டகையில் பிஜ்லி நிற்கிறாள். "இந்தக் குளிரைத் தாண்டிவிட்டால் பெரிய காரியம்" என்று கால்நடை டாக்டர் பாபு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்த நாளில் அவளுக்குப் போர்வை போடுவது, எந்த நாளில் விடுவது என்று இத்தனை வருஷமும் நீங்கள் முடிவு செய்தீர்கள். இந்த வருஷம் அது என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

யோசனை சொல்வதற்கு ஆள் குறைச்சல் இல்லை. என்னைக் கட்டிய உங்கள் தம்பி காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "ரெண்டு கம்பளியப் போட்டு இறுக்கிக் கெட்டிரு. குளிர்ல போயிட்டாள்னா அக்கா போனதும் கவனிக்கல்லம்பாங்க" என்றார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, நம் பௌதி, சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஓ மா, பாவம் கிழவி! எங்க கோபாலுக்கே நான் ஸ்வெட்டர் போட்டாச்சு" என்றார். இங்கே பூஜை அறையிலிருக்கும் குட்டிக் கிருஷ்ணனுக்குக் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையும் குல்லாவும் பின்னிப் போடுவார்கள் அல்லவா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். கடவுளுக்கே குளிரும் என்று நினைக்கிற ஊரில், வாயில்லாத ஜீவனை வெறும் உடம்போடு நிறுத்துவதா?

அதற்கு நேர்மாறாக ரஹீம் பாய். வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அல்லா அவளுக்குத் தோலோட சேத்தே கம்பளி தச்சு அனுப்பியிருக்கான், பாபி. அதுக்கு மேல நீங்க என்னத்தைத் தைக்கப் போறீங்க?" என்று அவருடைய ஹிந்தியில் கேட்டார்.

ரஹீம் பாய் சொன்னால் அதில் ஞாயம் இருக்கும். மைதானத்தில் அவருடைய சவாரி வண்டியை இழுத்தவள்தானே பிஜ்லி. நீங்கள் துறைமுக ஆபீசுக்குப் போகும் வழியில் ஹேஸ்டிங்ஸில் அவருடைய லாயம். டிபன் டப்பாவில் ஒரு சப்பாத்தியை அவளுக்கென்று தனியாக வைத்துக்கொண்டு போவீர்கள். அவளுக்கு முழங்கால் போனதும், உங்களுக்கு வேலை முடிந்ததும் ஒரே வருஷம். ஒரு நாள் சாயங்காலம் நொண்டி நொண்டி வந்த குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள்.

"எனக்கும் ரிட்டயர்மென்டு, இவளுக்கும் ரிட்டயர்மென்டு. கதவத் தெறளா."

"மதினி, பேரு என்ன?"

"பிஜ்லி. மின்னல்."

"மின்னலா? மூணு காலுலல்லா நிக்கி!"

"நீ மட்டும் பேருக்கு ஏத்த மாதிரியா இருக்க, சாந்தி?" என்றீர்கள். கதவைத் திறந்தேன்.

அந்த முதல் மார்கழி இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. குளிரைக் கண்டு உங்களைப் போலப் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. துர்கா பூஜைக்கே ஸ்வெட்டர் வெளியே வந்துவிடும். காளி பூஜைக்குக் காலுறை. மார்கழியில் குரங்குக் குல்லாவுக்குள் மூக்கும் கண்ணாடியும் மட்டும் தெரியும். அப்படிப்பட்ட நீங்கள் ஒரு காலை பிஜ்லியின் ரோமம் சிலிர்த்து நிற்பதைப் பார்த்துவிட்டீர்கள். "ஏளா, ஓடியா. குளிர்ல புல்லரிச்சுப் போயி நிக்கா பாரு" என்று ஒரே கூச்சல். நானும் முருகா முருகா என்று ஓடி வந்தேன். பஞ்சு ரஜாயை எடுத்து அவள் முதுகில் போட்டோம். அதற்கு மேல், ஆபீசில் உங்களை வழியனுப்பியபோது போர்த்திய சால்வை.

"மதினி, அது மரியாதைக்குப் போத்தினதுல்லா!"

"இவளும் சர்வீஸ் முடிச்சவதான. இருக்கட்டும்."

பனி இறங்கும் என்று அதற்கும் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டினோம். இரண்டு பேருக்கும் அன்று அப்படி ஒரு திருப்தி. ஊரில் கோயில் யானைக்கு முகபடாம் கட்டியது போல இருந்தது.

மறுநாள் காலை கயிற்றை அவிழ்த்தபோது அவள் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. ரோமமெல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது. தார்ப்பாய்க்குள் வியர்த்துக் கொட்டியிருக்கிறாள். அந்த ஈரத்தில் பனிக்காற்று பட்டதும் நடுங்கினாள் பாருங்கள், அந்த நடுக்கம் தரையில் குளம்புச் சத்தமாகக் கேட்டது. நீங்கள் வைக்கோலைச் சுருட்டி எடுத்து அவள் விலாவைத் தேய்த்தீர்கள். கை சிவந்தது, நிறுத்தவில்லை. ரஹீம் பாய் வந்து பார்த்துவிட்டு, அந்தச் சிலிர்ப்பு குளிரின் அடையாளம் இல்லை, ரோமம் எழுந்து நின்று தனக்குள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது என்று சொன்னார். நாம் ரஜாயால் அதை அமுக்கிவிட்டோம். இருமல் நிற்கப் பல நாளாயிற்று. நான் செந்தூர் முருகனுக்குக் காசு முடிந்து வைத்தேன். நீங்கள் எதுவும் முடிந்து வைக்கவில்லை.

"நம்ம குளிரக் கொண்டுபோயி அவ மேல போத்திட்டோம்ளா" என்றீர்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து உங்கள் வழி மாறியது. வெறும் குளிர் என்றால் போர்வை கிடையாது. கொட்டகையின் வடக்குப் பக்கத்தைச் சாக்குப் படுதாவால் அடைத்தீர்கள். சாயங்காலம் ஒரு கட்டு வைக்கோல் கூடுதலாகப் போட்டீர்கள். தீனி வயிற்றில் அரைபட அரைபட அதுவே அவளுக்குச் சூடு என்பீர்கள். காற்றும் ஈரமும் சேர்ந்து வருகிற நாளுக்கு மட்டும் இந்தச் சணல் போர்வை. லாயத்துக்காரர்கள் ஜூல் என்கிறார்களே, அதுதான். உள்ளே கம்பளி வைத்து நான்தான் தைத்தேன், மார்புப் பட்டையை நீங்கள் தைத்தீர்கள். போட்ட பிறகும் தோள்பக்கம் கையை உள்ளே விட்டுப் பார்ப்பீர்கள். ஈரம் தட்டினால் உடனே கழற்றிவிடுவீர்கள்.

போன வருஷம்தான் நிலைமை வேறாகிவிட்டது. அவளுக்குப் பல் தேய்ந்து, மென்ற வைக்கோல் உருண்டை உருண்டையாக வாயிலிருந்து கீழே விழுந்தது. வயிற்றில் தீனி இல்லாதவளுக்குச் சூடு எங்கிருந்து வரும்? நீங்களாகவே தினமும் போர்வை போட ஆரம்பித்தீர்கள். ஆனால் மத்தியான வெயிலில் தவறாமல் கழற்றவேண்டும். உங்களுக்கு நிற்கவே முடியவில்லை, வயசு என்று நினைத்துக்கொண்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள்.

"செத்த நேரத்துல திருப்பிப் போடத்தான போறோம். எதுக்கு மதினி இந்தக் கஷ்டம்?"

"உள்ள எலும்பு எவ்வளவு தெரியுதுன்னு பாக்கவேண்டாமா? மூடியே வச்சிருந்தா நல்லாத்தான் இருக்கான்னு நாமளே நெனச்சுக்கிடுவோம்."

அப்படிச் சொன்ன நீங்கள், மதினி, அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு ஸ்வெட்டரும் சால்வையும் குல்லாவுமாக இருந்தீர்கள். வழக்கம்போலத்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். சித்திரையில் வெயில் ஏறி நீங்கள் அதையெல்லாம் கழற்றிய அன்றுதான் உங்கள் கழுத்தெலும்பைப் பார்த்தேன். ரவிக்கைக் கை தோளில் நிற்கவில்லை. உங்கள் தம்பி பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

"ஏன் மதினி சொல்லல?"

"சொன்னா நீ பிஜ்லிய விட்டுட்டு என்னயல்லா தடவிக்கிட்டு இருப்ப."

அந்தப் பதிலுக்கு நான் சிரித்திருக்கக்கூடாது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பிறகு பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அலிப்பூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், வெளியே இன்னும் மழை விடவில்லை. உங்கள் தலைமாட்டில் விபூதியை வைத்துவிட்டு, எனக்கிருந்த ஒரே பயத்தைக் கேட்டேன்: குளிர் வந்தால் பிஜ்லிக்கு நான் என்ன செய்வது?

"என்ட்ட கேக்காத. அவட்ட கேளு."

"அவ வாயத் தெறந்தா பேசுதா?"

"நீ வாய மூடினால்லா அவ பேசுவா?" என்றீர்கள். மூச்சு வாங்கியது. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நாம் இருவரும் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அதனால்தான் நேற்று எனக்கு அவ்வளவு தவிப்பு. போடாமல் விட்டு அவள் போய்விட்டால்? போட்டு, உள்ளே வியர்த்து, அந்த முதல் வருஷம் போல ஆகிவிட்டால்? அன்று தாங்கினாள், இன்று தாங்கமாட்டாள். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. விளக்கு வைத்ததும் முருகன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செம்பருத்தி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போர்வை வேண்டாம், சிவப்பு வந்தால் போடலாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பிரித்தால் வெள்ளை.

என் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா பூக்கட்டிப் பார்த்தார். இந்த ஊருக்கு வரவும் பார்த்தார். சாமி சொன்னதை நான் மாற்றிச் செய்தது கிடையாது. பாரம் இறங்கியது என்று நினைத்துக்கொண்டு, படுதாவைச் சரிபார்க்கக் கொட்டகைக்குப் போனேன்.

காற்று திசை மாறியிருந்தது. தூறல் சாரலாக வாசல் வழியே உள்ளே அடித்தது. போட்ட தவிட்டுக் கஞ்சி பாதி அப்படியே இருந்தது. "முருகன் சொல்லிட்டான், பிஜ்லி" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன். அவள் தோளில் உள்ளங்கையை வைத்துச் சும்மா நின்றேன். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது எனக்கே புதிது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோலுக்கு அடியில் சதை மெல்லத் துடிப்பது கைக்குத் தட்டுப்பட்டது. விட்டு விட்டு, தூரத்தில் ரயில் போகும்போது ஜன்னல் அதிருமே, அந்த மாதிரி. தோள் சில்லிட்டிருந்தது. அவள் ரோமம் எழுந்து நிற்கவில்லை. நனைந்து, படிந்து கிடந்தது.

வைக்கோல் எடுத்துத் துடைத்தேன். உங்கள் தம்பியைக் கூப்பிட்டுப் படுதாவை வாசல் பக்கம் இழுத்துக் கட்டச் சொன்னேன். ரோமம் உலர்ந்த பிறகு போர்வையைப் போட்டேன். மார்புப் பட்டையை மாட்டினேன். சாமி வேண்டாம் என்று சொன்னதை முதல் தடவையாகச் செய்கிறேன். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், அவள்மேல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். பூஜை அறைக்குத் திரும்பிப் போய் முருகனிடமும் அதையே சொன்னேன். அவர் வழக்கம்போல வேலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலையில் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. இதமான சூடு இருந்தது. உங்கள் தம்பி எட்டிப் பார்த்து, "போர்வையில ஆளு நல்லாத்தான இருக்கா. பயமுறுத்திட்டியே" என்றார்.

மத்தியானம் வெயில் வந்தது. அவரையே கூப்பிட்டுப் பட்டையை அவிழ்க்கச் சொன்னேன். போர்வை இறங்கியதும் விலாவைப் பார்த்தார். இடுப்பெலும்பு இரண்டும் மேடிட்டு நிற்பதைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் விலகிப் போகவில்லை. போர்வையைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய்க் கொள்ளுப் பயறை எடுத்து ஊறப்போட்டார், நான் சொல்லாமலே.

பிஜ்லி இளைத்துவிட்டாள், மதினி. ரொம்பவே இளைத்துவிட்டாள். தை வரைக்கும் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் எதையும் மூடிச் சொல்ல எனக்கு மனசில்லை. இப்போது வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள், முதுகில் ஒன்றும் இல்லாமல். வெயில் இறங்கியதும் போய், வாயை மூடிக்கொண்டு தொட்டுப் பார்க்கப்போகிறேன்.