வித்தியாதரிசி வந்த வருடம்

போன சனிக்கிழமை வாக்குப் போடுவதற்காக, இங்கே சிட்னியில், பென்டில் ஹில்லில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வரிசை விறாந்தை வரைக்கும் நீண்டிருந்தது. தரைக்குப் புதிதாக மெழுகு பூசியிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். எழுபதுகளில் நாம் இருவரும் படிப்பித்த பள்ளிக்கூடம், வித்தியாதரிசி வரும் கிழமையில் இப்படித்தான் மணக்கும். உம்மிடம் சொல்லிச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. நீர் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

சிட்னியில் ஆசிரியர் தட்டுப்பாடு இருந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம் கிடைத்தது. எனக்குக் கணிதம், உமக்கு விஞ்ஞானம். பதவி உயர்வு வேண்டுமென்றால் கல்வித் திணைக்களத்திலிருந்து வித்தியாதரிசி வந்து, வகுப்பில் இருந்து பார்த்து, தகுதி உண்டு என்று எழுதவேண்டும். இருவரும் ஒரே வருடம் விண்ணப்பித்தோம்.

என் வகுப்பில் அன்று ஒரு பிள்ளை இருமக்கூட இல்லை. கரும்பலகையில் என் கோடுகள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேராக நின்றன. அடுத்த பாடம் உம்முடையது. சுவருக்கு அப்பால் சிரிப்பும் கதிரைகள் இழுபடும் சத்தமும் கேட்டன. காஸ் அடுப்பு எரியவில்லையாம். நீர் பாடத்தை விட்டுவிட்டு, ஏன் எரியவில்லை என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னீராம். வித்தியாதரிசியும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயைக் குடைந்தாராம். இவளின் கதை முடிந்தது என்று நினைத்தேன். மனதுக்குள் ஒரு குளிர்ச்சி.

உமக்குத் தகுதி கிடைத்தது. எனக்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பதில்.

"உமக்கும் வரும். பிள்ளையளைக் கொஞ்சம் சத்தம் போட விடும்," என்றீர். அந்தப் புத்திமதியைவிடக் கன்னத்தில் ஓர் அறை தந்திருக்கலாம்.

ஆனால் உமக்குக் கிடைத்த பதவி சிட்னியில் இல்லை. மேற்கே, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய கோதுமை ஊரில். போகாவிட்டால் பதவியும் போய்விடும். உம்முடைய கணவரோ பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, அப்போதுதான் படித்த படிப்புக்கு ஏற்ற வேலைக்கு வந்திருந்தார். அவர் அசையமாட்டார் என்று நம்பி நிம்மதியாக இருந்தேன்.

திங்கட்கிழமை வந்து சொன்னீர்: "அவர் ஓம் எண்டிட்டார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத் தவணை முடிய வெளிக்கிடுறம்."

"கேட்ட உடனயோ?"

"உடனதான்."

உமக்குப் பதவி கிடைத்தபோதுகூட எனக்கு நித்திரை வந்தது. இது என்னைத் தூங்க விடவில்லை. குசினியில் அரிசி கழுவிக்கொண்டே வீட்டில் சொன்னேன். "அவனுக்கு விசர். மனிசிக்குப் பின்னால கோதுமைக் காட்டுக்குப் போறானாம்," என்று என் கணவர் சிரித்தார்.

அடுத்த வருடம் எனக்கும் தகுதி கிடைத்தது. எனக்கும் தூரத்து ஊர்தான். போவோமா என்று என் கணவரிடம் கேட்டேன். "என்ர வேலை? பிள்ளையளின்ர படிப்பு? யோசிச்சுச் சொல்லும்," என்றார். யோசித்தேன். வேண்டாமென்று எழுதினேன். ஓய்வுபெறும்வரை அதே கரும்பலகை.

நீர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே அதிபரானீர். டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் தூசி படிந்த காரில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். உம்முடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் காதில் தேன் வார்த்ததுபோல் இருக்கும். உம்முடைய கணவர் உமக்குத் தேநீர் கொண்டுவந்து தரும்போது மறுபக்கம் பார்ப்பேன்.

உம்முடைய செத்தவீட்டில், தடித்த சப்பாத்துப் போட்ட விவசாயிகள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார்கள். எல்லாரும் உம்மிடம் படித்தவர்கள். அதைப் பார்த்தும் எரிந்தது. எல்லோரும் போனபிறகு உம்முடைய கணவரிடம் கேட்டேன்.

"அண்டைக்கு இந்த ஊருக்கு வர எப்பிடி உடன ஓம் எண்டனீங்கள்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்னை எங்க கேட்டவ? நான் வேலையால வர, பெட்டியள் கட்டி வாசலில இருந்தது. 'நானும் பிள்ளையளும் போறம், நீங்களும் வாறீங்களோ' எண்டா. நான் வேற என்னத்தைச் சொல்ல? முதல் வருசம் அவவோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பிறகு ஊர் பிடிச்சிட்டுது."

இத்தனை வருடமும் உமக்குக் கிடைத்த கணவரை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவரும் என் கணவரைப்போல ஒரு மனிதர்தான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன், நீர் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வருகிற கிழமை உம்முடைய திவசம். ரயிலில் வருகிறேன். "தனியவோ? சரியான தூரமெல்லோ அம்மா," என்றான் மகன். அவனிடம் நான் அனுமதி கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னேன். இந்த வயதில் அது பெரிய காரியமில்லை. நீர் அதை, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக இருந்த வயதில் செய்தீர். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.