இரண்டாவது டியூப் ரத்தம்

ஜனவரி 11, வியாழன்

மறுபடியும் விழுந்தேன். கெர்ட்டமின்ட படகுத்துறையில் வழக்கம்போல் கடலில் முங்கி எழுந்து, நீராவி அறையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு, வெளியே பலகையில் உட்கார்ந்து சூடான பழச்சாறு குடித்தேன். முகம் எரிந்தது, கண் இருட்டியது. அப்புறம் ஆம்புலன்ஸ்தான் நினைவிருக்கிறது.

இது மூன்றாவது முறை. மூன்று முறையும் கையில் இருந்தது போடில் ஊற்றிக் கொடுத்த கோப்பை. போடில் என் நாத்தனார், என் கணவன் ஹோல்கருக்கு ஒரே அக்கா. குளிர்காலக் குளியல் சங்கத்துக்கு ஃபிளாஸ்க் நிறையச் சாறு கொண்டுவருபவள் அவள்தான், கொஞ்சம் சாராயம் கலந்து. எல்லோரும்தான் குடிக்கிறார்கள். டென்மார்க் முழுக்க இப்படித்தான் குளிக்கிறார்கள். எவள் விழுகிறாள்? நான் மட்டும். எனக்குத்தான் கடைசியில் ஊற்றுகிறாள். ஏன் கடைசியில்?

ஜனவரி 12

நேற்று எடுத்த ரத்தத்தில் டிரிப்டேஸ் 23. பதினொன்றைத் தாண்டக் கூடாது.

எனக்கு யாரும் விளக்க வேண்டாம். மருத்துவமனை ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாய் அந்த எண்ணைச் சொல்லும் இயந்திரத்தோடுதான் குப்பை கொட்டுகிறேன். தோலிலும் குடலிலும் மாஸ்ட் செல்கள் காவல் இருக்கின்றன. வேண்டாதது ஏதாவது உள்ளே நுழைந்தால், மூட்டை கட்டி வைத்திருக்கும் நொதிகளை அவிழ்த்துக் கொட்டும். அதில் ஒன்று டிரிப்டேஸ். ஆக, எனக்குள் வேண்டாதது நுழைந்திருக்கிறது. யார் கையால்?

பக்கத்து மேசை லிஸ்பெத் ரிப்போர்ட்டை நீட்டியபடியே கேட்டாள்: "ரெண்டாவது டியூப் எப்போ குடுக்குற?" உடம்பு தேறி ஒரு நாளாவது கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் முதல் எண்ணுக்கு அர்த்தம். அதை அனுப்ப மறக்கும் டாக்டர்களைப் போனில் உண்டு இல்லை என்று ஆக்குபவள் நான்.

"நாளைக்கு" என்றேன்.

ஜனவரி 15

இன்றும் கொடுக்கவில்லை. வேலை அதிகம்.

ஜனவரி 18, வியாழன்

குளிக்கவில்லை. ஆனால் போனேன். போடில் வருவதற்கு முன்பே உடை மாற்றும் அறையில் பெண்களிடம் எண்ணைச் சொன்னேன். "நான் யாரையும் சொல்லலை. ஃபிளாஸ்க்ல என்ன இருக்குன்னு நீங்களே கேட்டுக்குங்க." அவ்வளவுதான் சொன்னது.

அவள் மூடியைத் திறந்தபோது ஒருத்தியும் கோப்பையை நீட்டவில்லை. "என்னடி, எல்லாரும் இன்னைக்கு விரதமா?" என்று சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை. நிறைந்த ஃபிளாஸ்க்கை அப்படியே சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும் — சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

மாதம் ஒரு ஞாயிறு போடில் வீட்டில் மதியச் சாப்பாடு. ஊறவைத்த ஹெர்ரிங் மீன், கறுப்பு ரொட்டி, பன்றிக்கறி வறுவல். நான் என் ரொட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோனேன்.

"மீன் எடுத்துக்க டோவா. நானே ஊற வச்சது."

"அதனாலதான் வேணாங்கிறேன் அக்கா." வாயிலிருந்து வந்துவிட்டது.

போடில் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துப்போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இல்லை, நடிப்பா?

வீட்டுக்குள் நுழைந்ததும் ஹோல்கர் கேட்டான்: "என் அக்கா உனக்கு விஷம் வைக்கிறாளா? நேரா சொல்லு."

"நான் சொல்லலை. ரத்தம் சொல்லுது."

"அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். அவளா நீயான்னு என்னை நிக்க வைக்காதே. அந்த ரெண்டாவது டியூபைக் குடு. நீ சொல்றது சரின்னா நானே போய்க் கேக்குறேன் அவளை. பத்தொன்பது வருஷமா சாப்பிடுற நேரத்துல டாக்டருங்களைத் திட்டுவியே, இப்ப நீயும் அவங்கள்ல ஒருத்தி."

மாடியில் தனியாகப் போய்ப் படுத்துவிட்டான்.

ஜனவரி 25

ஊசிக்கா பயம் எனக்கு? எண் இறங்கியிருந்தால் அவள் மாட்டுவாள். இறங்காவிட்டால்? இந்தக் கேள்வி முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளிப்போட்டேனா?

ஜனவரி 29

கொடுத்தேன். 22.

இரண்டு வாரத்துக்கு மேலாக ஒரு தும்மல்கூட இல்லை. அவள் கையால் ஒரு சொட்டு குடிக்கவில்லை. ஆனாலும் 22. யாராவது டியூபை மாற்றிவிட்டார்களோ என்று மறுபடி ஓட்டச் சொன்னேன். 22.

"இப்ப என் மேலயும் சந்தேகமா?" என்றாள் லிஸ்பெத்.

கணக்கு, புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. வழக்கமான எண், அதில் ஐந்தில் ஒரு பங்கு, மேலே ஓர் இரண்டு. விழுந்த அன்று 28ஐத் தாண்டியிருந்தால்தான் உடம்பு எதையோ கண்டு மிரண்டது என்று சொல்லலாம். 23ஐ வைத்து யாரையும் எதுவும் சொல்ல முடியாது. அது என் அன்றாட ரத்தம்.

"தேள் விஷத்தையே வெட்டிப் போடுற நொதியெல்லாம் வச்சிருக்கு அந்த செல்லு. நல்ல காவக்காரந்தான்," என்றாள் லிஸ்பெத். "உன்கிட்ட ஆளுங்க ரொம்ப அதிகம் போல. யாரைப் பாத்தாலும் திருடனாத் தெரியுது."

கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

பிப்ரவரி 6

டாக்டர் என் தொடையிலிருந்த பழுப்புப் புள்ளி ஒன்றைத் தேய்த்தார். தடித்துச் சிவந்தது. மச்சம் என்று நினைத்திருந்தேன். மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம், எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். "பனிக்கடல்ல இருந்து நேரா நீராவி, அதுக்கு மேல சாராயம். இந்த உடம்பு விழ அதுவே போதும். கோப்பையில வேற எதுவும் வேண்டியதில்ல."

சாராயம் அவள் ஊற்றியதுதானே என்று ஒரு நொடி மனசு ஓடியது. சீ, என்ன மனசு இது.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஃபிளாஸ்க்கில் எந்தத் தப்பும் இல்லை என்று சங்கத்துப் பெண்களிடம் வியாழனன்றே சொல்லிவிட்டேன். இன்று போடில் வீட்டுக்குத் தனியாகப் போனேன். வாசலிலேயே இரண்டு எண்களையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"உள்ள வா, குளிருது."

சமையலறையில் சாறு, மீன், சாராயம் என்று வரிசையாக இருக்கும் சீசாக்களெல்லாம் காலியாக, கழுவிக் கவிழ்த்திருந்தன.

"எல்லாத்தையும் கொட்டிட்டேன்," என்றாள். "மொதல்ல ஒவ்வொண்ணா நானே குடிச்சுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. அப்பவும் மனசு கேக்கலை. தெரியாம ஏதாவது விழுந்திருக்குமோ, பாட்டிலை மாத்தி எடுத்துட்டேனோன்னு. மூணு வாரமா தூக்கமில்ல டோவா. நீ லேப்ல வேலை பாக்குறவ. உனக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியப்போவுதுன்னு நினைச்சேன்."

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். டம்ளரை எடுத்துக் குழாயடி வரை போனவள் நின்றாள். டம்ளரை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து கடையில் வாங்கிய பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகாமல் என் முன்னால் வைத்தாள்.

"குழாய்த் தண்ணியே போதும் அக்கா."

"இருக்கட்டும். நீயே திற."

திறந்தேன். மூடியின் சீல் உடையும்வரை அவள் என் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.