மே பதினெட்டுக்குள் ஒரு பின்சுவர்

ஏப்ரல் 25

படகின் பின்சுவரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். ஓரத்தில் டக், டக். எஞ்சின் தொங்கும் இடத்தில் தொப். துளை போட்டால் காபிச் சக்கை மாதிரி கறுப்பாக வழிகிறது. முப்பத்தைந்து வருஷ ஃபைபர் படகு. வெளியே பளபளப்பு, உள்ளே பலகை முழுக்க அழுகல்.

அல்சீட் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஓடெட், இதுல ஓட்டினா எஞ்சின் தனியா போகும், நீ தனியா நிப்ப. பேசாம என் படகுக்கே வா. மே பதினெட்டுல இறால் சீசன் திறக்குது, வலை இழுக்க ஆள் வேணும்."

அவனுக்குப் பன்னிரண்டு வருஷம் இழுத்தாயிற்று. இந்த வருஷம் என் படகு, என் வலை. மாட்டேன்னா மாட்டேன்!

மே 3

சுவரின் உள்பக்க ஃபைபர் தோலை வெட்டி எடுத்து, அழுகலை உளியால் சுரண்டி முடித்தேன். வெளித்தோல் மட்டும் நிற்கிறது, வெயில் ஊடுருவித் தெரிகிறது. உடம்பெல்லாம் ஃபைபர் தூள், அரிப்பு உயிர் போகிறது. ஆனாலும் இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன்? புதுப் பிளைவுட்டும் அறுத்துவிட்டேன். கச்சிதம்!

மே 9

லூசியானா வெயிலில் ரெசின் பசை பூசுவதற்குள் இறுகிவிடும் என்று டப்பாவை நேற்றே ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். நல்ல யோசனை! பூசி, பலகையை ஒட்டி, பதினாலு கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று.

மே 10

இன்னும் பிசுபிசுப்பு. விரல் ஒட்டுகிறது.

வெர்லி அண்ணி வந்து தொட்டுப் பார்த்தாள். படகுப் பட்டறையில் ஃபைபர் பூசின கை.

"ஐஸ்ல வச்சியா? அது என்ன இறாலாடி? இந்தப் புழுக்கத்துல ஜில்லுனு திறந்தா வேர்க்காதா? ஈரம் சேந்தா எப்படி இறுகும்?"

இந்த ஊர்ல எதைத்தான் ஐஸ்ல வைக்கல நாம — அந்தப் புத்தி! எல்லாத்தையும் பிடுங்கணுமா? எட்டு நாள்தானே இருக்கு? அழுதுவிட்டேன்.

"அழாத. இன்னிக்கே பிடுங்கிச் சுரண்டு. நாளன்னிக்குக் காலைல வரேன். கொஞ்சம் கொஞ்சமா கலக்கி அகலத் தட்டுல ஊத்தணும். வாளியில குவிஞ்சு கிடந்தாத்தான் பூசுறதுக்குள்ள சூடேறி இறுகிடும்."

மே 12

வேறு பிளைவுட், வேறு ரெசின், அண்ணியின் சமையல் தட்டுகள். மத்தியானமே கல்!

மே 17

எஞ்சின் மாட்டியாயிற்று. அண்ணன் அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினான். சுவர் அசையவில்லை. நம்பாமல் எஞ்சின் மேலேயே ஏறி உட்கார்ந்து குதித்தான், நூற்றுமுப்பது கிலோ ஆள்.

"இறங்குய்யா, எஞ்சின் உடையப்போகுது" என்றாள் அண்ணி.

இறங்கினான். சுவரைத் தட்டினான். டக். "சரி. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

மே 18

முதல் வலை! இறாலில் பாதியை அள்ளி உள்ளே போட்டேன், மீதியைத் தூக்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கும் வலை இழுக்க ஓர் ஆள் பார்க்க வேண்டும்.