மிஸ்ஸின் கள்ளிச்செடிக்குத் தால்சீனி

ஜனவரி 9, இரவு

குளிர்கால விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லி சயின்ஸ் மிஸ் கொடுத்த கள்ளிச்செடி, பூஞ்சை பிடித்து அடியில் கறுத்துவிட்டது. "உனக்கு எதுக்கு இந்தப் பொறுப்பு?" என்று கொண்டுவந்த அன்றே அப்பா திட்டினார். அவருக்குத் தெரியக் கூடாதென்று போர்வைக்குள் எழுதுகிறேன்.

செடி விற்கும் நர்சரியின் இந்திக்கார அண்ணன், பையா, சொன்னபடி காலையில் அழுகலை வெட்டினேன். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. "வெட்டின இடத்துல தால்சீனி பொடி தடவிடும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் செடியெல்லாம் எறும்பு! திருநெல்வேலியிலிருந்து வந்து இன்னும் இந்தி பழகாத என் அம்மா, சர்க்கரையைப் பொடித்துத் தடவியிருந்தாள்.

"நீதானட்டி சீனின்னு சொன்ன?"

"தால்சீனின்னா பட்டைம்மா!"

"பட்டைன்னு தமிழ்ல சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கத்தியைத் துடைத்து அம்மாவே இன்னொரு வில்லை வெட்டினாள். உள்ளே கறுப்பே இல்லை. வெள்ளரிக்காய் போலப் பச்சை. பட்டையைப் பொடித்துத் தடவி, ஜன்னலோரம் காயவைத்தோம்.

செடி ஒரு விரல் குட்டையாகிவிட்டது. மிஸ் கவனிப்பாரோ என்று பயம்தான். ஆனால் பிழைத்துவிடும்.

வீடெல்லாம் பட்டை வாசனை. சாப்பிடும்போது அப்பா மோப்பம் பிடித்து, "நாளைக்கு பிரியாணியா?" என்றார்.

அம்மா என்னைப் பார்க்காமலே, "ஆமா" என்றாள்.