ஏட்டு வந்து கேட்டுப் போனது

12-7-1961, புதன்

காலையில் ஐந்தருவியில் நனைந்துகொண்டே லண்டனில் ஏழு நாள், பாரிஸில் நான்கு நாள் என்று முடிவு செய்தோம். சங்கரன், பீர் முகமது, நான் மூவரும் சேர்ந்து போனால்தான் கட்டுப்படியாகும். ஒரே அறை, ஒரே ஸ்டவ், கையோடு புளிக்காய்ச்சல். ஒருவன் விலகினால் மற்ற இருவருக்கும் பயணம் கிடையாது.

ஈரத்துண்டோடு வீட்டுக்கு வந்தால், கோமதி கதவைத் தாழ்போட்டுவிட்டுக் காதோரம் சொன்னாள்: "போலீஸ் ஏட்டு ஒருத்தரு வந்து உங்களக் கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு இங்கன இல்ல, ஊரவிட்டுப் போயி ரெண்டு வருசமாச்சுன்னு சொல்லிட்டேன். அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க பயப்படாதீங்க."

அவர் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர். இனி எனக்குப் பாஸ்போர்ட் எங்கே வரப்போகிறது? சொன்னால் தடுப்பாள் என்று பயண விஷயத்தையே அவளிடம் மறைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாளை ஸ்டேஷனுக்குப் போனால் போலீஸிடம் பொய் சொன்னவள் என்று அவள் மாட்டுவாள். போகாவிட்டால் சங்கரன் முகத்தில் எப்படி விழிப்பது?

"அப்படி என்னதான் செஞ்சீங்க? எங்கிட்டயாவது சொல்லுங்களேன்" என்று கேட்டுக் கேட்டு, அழுதபடியே தூங்கிவிட்டாள். விடிந்ததும் முதல் ரயிலில் புனலூருக்கு, அவள் அண்ணன் வீட்டுக்கு, நான் தப்பிவிட வேண்டுமாம்.

லண்டனுக்கென்று இன்னும் ஒரு பெட்டிகூட வாங்கவில்லை. புனலூருக்கு இரண்டு வேட்டியும் ஒரு டப்பா முறுக்கும் வைத்த பை, கதவோரம் தயாராக இருக்கிறது.