கூடத்தில் சிதறிய குரல்

மார்ச் 4, புதன்

ஒருவழியாக இரண்டு ஸ்பீக்கரோடு ஆம்ப்ளிஃபயரைக் கூடத்தில் வைத்தாயிற்று. ஃபோனில் இருக்கிற பாட்டை அதற்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர ஒரு சின்னப் பெட்டியும் உண்டு, பெயர் டாக். தம்பி வந்து மாட்டித் தருகிறேன் என்றான். வேண்டவே வேண்டாம், ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவான். ஒயரெல்லாம் நானே மாட்டினேன். காது ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கேட்கப்போகிற முதல் பாட்டு!

மார்ச் 5

கேட்டார். முகம் சுண்டிப்போய்விட்டது. "பாடறவங்க எங்க நிக்கறாங்கன்னே தெரியல. குரல் நடுவுல வரணும், இது சிதறிக் கிடக்கு." எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் இருபது வருஷப் பாட்டு வாத்தியார் காதுக்கு முன்னால் என் காது எம்மாத்திரம்?

மார்ச் 9

கடைக்காரர் வேறு ஆம்ப்ளிஃபயர் கொடுத்தார். "இது கொஞ்சம் வெதுவெதுப்பா பாடும் மேடம்." சத்தம் என்ன வெந்நீரா? தூக்கி வந்ததில் இடுப்பு போயிற்று. பழையதில் இருந்த ஒயர்களை அப்படியே புதியதில் மாட்டினேன். அதே சிதறல்.

மார்ச் 13

அடுத்து டாக்கை மாற்றிப் பார்க்கவேண்டும். விமர்சனம் படித்துப் படித்து மண்டை காய்கிறது. ஒருத்தன் குப்பை என்கிற பெட்டியை இன்னொருத்தன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறான். எவனை நம்ப?

மார்ச் 14

மாற்றினேன். உதட்டைப் பிதுக்கினார்.

மார்ச் 17

காது பூரணமாக ஆறிவிட்டது என்றார் டாக்டர். இவர் நம்பவில்லை. "அவரு பீப் சத்தம் வெச்சுப் பாக்கறாரு. எனக்குப் பாட்டுல்ல கேக்கணும்?" எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம் — "ரெண்டு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு டாக் பாத்தாச்சு! உங்க காதுதான் போச்சுன்னு ஒத்துக்கோங்களேன்!"

ஐயோ. என்ன வாய் இது எனக்கு.

மார்ச் 18

இவர் கூடத்துப் பக்கமே வரவில்லை.

மார்ச் 20

மேசையில் ராஜினாமாக் கடிதம். திங்கட்கிழமை லீவு முடிகிறது, அன்றைக்கே கொடுக்கப்போகிறாராம். "பிள்ளைங்க சுருதி விலகினா எனக்கே தெரியாதே. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வகுப்புல நிக்கறது?" எல்லாம் நான் விட்ட ஒரு வார்த்தை.

மார்ச் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துத் தொலைக்கலாம் என்று, பாட்டைக்கூட நிறுத்தாமல் இடப்பக்க ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். ஒரு ஸ்பீக்கர்தான் பாடுகிறது — ஆனால் சத்தம் முன்னைவிடக் கனமாக வருகிறது! பாதி போனால் குறையத்தானே வேண்டும்?

புத்தக அலமாரியை நகர்த்தி, அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். இரண்டு இழையும் ஒரே நிறம் என்று முனைகளில் நகப்பூச்சு வைத்து அடையாளம் செய்தவள் நான். இந்த முனையில் ஒரு இழையில் வைத்திருக்கிறேன், அந்த முனையில் மற்றதில். இடப்பக்கம் மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போய், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்து, ஒன்றின் சத்தத்தை ஒன்று தின்றிருக்கிறது. எந்தப் பெட்டியை வாங்கி என்ன?

சரிசெய்து, கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தேன். இரண்டாவது வரியில் விரலை நீட்டினார், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், வெறும் சுவரை. "அதோ, அங்க நிக்கறாங்க."

நான்தான் ஒயரைத் தப்பாக மாட்டினேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். திட்டவில்லை. "இருடி, பாட்டு முடியட்டும்" என்றார்.

மார்ச் 23, திங்கள்

ராஜினாமாக் கடிதம் குப்பைக்கூடையில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, இன்னும் குளியலறையில் பாடிக்கொண்டிருக்கிறார். இத்தனை நாளாக உள்ளே தண்ணீர் சத்தம் மட்டும்தான் கேட்டது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.