டாப் மாடல் எடுத்த ஆனி மாதம்

ஜூலை 3, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில். மழை வரும், வரும் என்று நாலு நாளாகச் சொல்கிறார்கள். ஒரு பொட்டு இல்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். மருந்துக்கடையில் பி.பி. மாத்திரை காலி, ஆர்டர் போட வேண்டும்.

ராயப்பேட்டையில் இருக்கிற கடைக்கு பஸ் பிடிக்கக் கீழே இறங்கியபோது வாட்ச்மேன் ஏழுமலை நிறுத்தினார். "அம்மா, சார் நேத்து மறுபடியும் தூண்ல ஒரசிட்டாரு. கண்ணாடி தொங்கிக்கினு கீது. நான் சொன்னா கோச்சுக்குவாரு." போய்ப் பார்த்தேன். இடது சைடு மிரர் ஒயரில் ஊசலாட்டம். தூணில் எங்கள் வண்டியின் வெள்ளைப் பெயின்ட்.

முப்பத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர் என் வீட்டுக்காரர். மோதிய வண்டியை ஒரு சுற்று வந்தாலே போதும், அரிசி அளவு நசுங்கல் கூடத் தப்பாது. பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்ப்பதற்கு முன் வாசலில் நின்ற அப்பாவின் ஸ்கூட்டரைப் பார்த்து, "முன் மட்கார்டு மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டவர்.

சாயங்காலம் கேட்டேன். "தூண் கிட்ட வந்திடுச்சு வசந்தா" என்றார். "தூணா நகந்து வந்துச்சு?" என்றேன். சிரிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று, "இந்த வண்டி போதும். புதுசு எடுத்துடலாம். ஆடி பொறக்கறதுக்குள்ள எடுக்கணும்."

பதினாறு வருட வண்டி. ரிடையர் ஆன பணம் ஒன்றுதான் கையில். எனக்கு உடன்பாடு இல்லை.

ஜூலை 5, சனி

கடைக்கு லீவு. அடையாறு ஷோரூம். உள்ளே ஏ.சி. குளிர், காபி தண்ணீர் போல.

விலை கேட்டோம். அன்று நாலு லட்சத்துக்கும் குறைவாக எடுத்தோம். இன்று அதே கம்பெனியின் சின்ன வண்டியே எட்டைத் தாண்டுகிறது. 15-ம் தேதியிலிருந்து இன்னும் ஏறுமாம். விற்கிற பெண் நித்யா, கையில் டேப்லெட். "மேம், இப்பல்லாம் ஆறு ஏர்பேக் எல்லா மாடல்லயும் வருது. அதான் விலை." இவர் தலையாட்டினார்.

ஆச்சரியம் அதற்கப்புறம். வாழ்நாள் முழுக்க அடிமட்ட மாடல் வாங்கச் சொன்னவர் இவர். பவர் விண்டோ எதற்கு, கை இருக்கிறதே என்பார். ஊரெல்லாம் இவரிடம் யோசனை கேட்டு அப்படியே வாங்கியது. இன்று நேராக டாப் மாடல். பதினாலு லட்சம், எல்லாம் சேர்த்து.

"இதுல சுத்தி கேமரா இருக்குல்ல?" மூன்று தடவை கேட்டார். நித்யா போட்டுக் காட்டினாள். நாலு பக்கமும் நாலு கேமரா. திரையில் வண்டி, மேலே பறந்து பார்ப்பது போல. பக்கத்தில் ஏதாவது வந்தால் பீப் பீப். இவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ரிடையர் ஆனதிலிருந்து அப்படி நான் பார்க்கவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

புக் பண்ணியாகிவிட்டது. திரும்பும் வழியில் லஸ்ஸில் மெட்ரோ பள்ளம், நாற்பது நிமிடம்.

ஜூலை 6, ஞாயிறு

கவிதா பெங்களூரிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, மாசத்துக்கு எத்தனை நாள் வண்டிய எடுக்கறீங்க? கோயிலு, ஆஸ்பத்திரி, அத்தை வீடு. அந்தப் பணத்துக்கு ஆயுசு பூரா கால் டாக்சில போலாம்ப்பா."

"விலை ஏறியிருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அப்ப வித்தது தகர டப்பா. உள்ள இருந்தவங்க கதியெல்லாம் நான் பாத்திருக்கேன். இப்ப வாங்கற விலையில உசுருக்கும் சேத்துத்தான் குடுக்கறோம்."

"நீங்கதானப்பா சொல்லுவீங்க, ஷோரூம் வாசல் தாண்டினதுமே ஒரு லட்சம் போச்சுன்னு."

"விக்கறவனுக்குத்தான் அது. நான் விக்கப் போறதில்ல."

நியாயமாகத்தான் பேசினார். இருந்தாலும் எதையோ சுற்றி வளைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. கேமராவைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கத்தரிக்காய் கிலோ அறுபது. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுக்கு மதிப்புப் போட ஷோரூமிலிருந்து ஒருவர் வந்தார். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். இவர் தொழிலை இன்னொருவர் இவர் வண்டிக்கே செய்வது வேடிக்கையாக இருந்தது.

"இடது பக்கம் ஏழு ஸ்கிராட்ச் சார். ரெண்டு டென்ட்."

"ஏழா? இருக்காது. ரெண்டுதான்."

"நீங்களே பாருங்க சார்."

இவர் குனிந்தார். பார்க்கவில்லை. விரலால் தடவினார். பின்கதவிலிருந்து முன் பம்பர் வரை, மெதுவாக, விரல் நுனியால். ஒவ்வொரு கீறலிலும் விரல் நின்றது. கடைசியில் "ஏழு" என்றார். அந்த ஆள் எழுதிக்கொண்டார்.

கண்ணில் அழுத்தம் என்று போன வருடத்திலிருந்து சொட்டு மருந்து போடுகிறார். என் கடையில்தான் வாங்குவது. கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "கன்ட்ரோல்ல இருக்கு."

ஜூலை 10, வியாழன்

ஒப்படைப்பதற்கு முன் பழைய வண்டியைக் காலி செய்தேன். கிடைத்தவை:

பஞ்சர் கிட்.
வேளச்சேரி வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் போட்டோ, ஒரு கட்டு.
என் குடை (தொலைந்தது என்று போன ஐப்பசியில் சண்டை).
ஆர்.சி. புத்தக உறைக்குள் ஒரு சொட்டு மருந்து. நான் கொடுத்தது இல்லை. வேறு மருந்து. தி.நகர் கடை பில்.
நாலாக மடித்த ஒரு தாள்.

பார்வைப் பரப்பு சோதனைத் தாள். பங்குனி மாதத்தது. இடது கண் வட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பு, பார்வை போன இடம். வலது கண்ணிலும் ஓரத்தில் ஆரம்பம்.

இருபத்தாறு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். இரண்டாவது மருந்து சேர்த்தால் முதலாவது போதவில்லை என்று அர்த்தம். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். என்னிடமிருந்து மறைக்க தி.நகர் வரை போய் வாங்கியிருக்கிறார் மனுஷர்.

கேமரா எதற்கு என்று இப்போது தெரிகிறது. இடது பக்கத்தைப் பதினாலு லட்சத்துக்கு வாங்கப் பார்க்கிறார்.

மருந்தையும் தாளையும் மட்டும் இருந்த இடத்திலேயே வைத்தேன். கேட்கவில்லை. கோபம், கோபம். அப்புறம் சமையலறையில் போய் அழுதேன்.

ஜூலை 13, ஞாயிறு

நாளை காலை வண்டி. தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலுக்கே ஷோரூம் டிரைவர் கொண்டுவந்து விடுவார். ராகு காலம் ஏழரை-ஒன்பது, அது முடிந்ததும் பூஜை.

எலுமிச்சம்பழம் 4
தேங்காய் 2
பூசணிக்காய் 1 (ஏழுமலை வாங்கிவிடுவார்)
சூடம், சந்தனம், மாலை
அக்கா பையன் கோபிக்கு ஸ்வீட் பாக்ஸ், குருக்களுக்கு வேட்டி

மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். முதல் தடவை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை, "வண்டி வந்ததும் உன்னைத் திருவான்மியூர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மூன்றாவது தடவை கோபி போன். பூஜை முடியட்டும், வீட்டுக்கு வந்ததும் சாவியை வாங்கிவைத்துச் சொல்லிவிடலாம். நாலு எலுமிச்சம்பழம் ஏற்றுகிற தூரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஜூலை 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு வண்டி வந்துவிட்டது. வெள்ளை. மாலை போட்டாகிவிட்டது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். கோயில் சுவரை ஒட்டி, வண்டிக்கு இடது பக்கம், பூக்காரம்மா செல்வி. தரையில் பலகை, பலகை மேல் மல்லி.

இவர் உள்ளே ஏறி ஸ்டார்ட் பண்ணியதும் பீப் பீப். சுற்றி நாங்கள் நிற்கிறோம், நிற்காமல் கத்துகிறது. குருக்கள் தட்டோடு, "அந்த சத்தத்தை செத்த நிறுத்துங்கோளேன், மந்திரமே சொல்ல முடியலை" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இவர் எதையோ அழுத்தினார். சத்தம் நின்றுவிட்டது.

"இப்ப மெதுவா முன்னாடி எடுங்கோ."

எடுத்தார். இவர் கண் நேரே பிள்ளையார் மேல். வண்டி இடது பக்கம் ஒதுங்கிப் போகிறது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் குரல் வரவில்லை. செல்வி மாலைக்கு நார் எடுக்கக் குனிந்திருந்தாள். யாரோ கத்தினார்கள். அவள் கையை உருவிக்கொண்டதுதான் தாமதம், பலகை மடேரென்று உடைந்தது. மல்லி எல்லாம் சக்கரத்துக்கு அடியில்.

இவர் கண்ணாடியை இறக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, "நாலும் நசுங்கிச்சா?" என்று கேட்டார்.

செல்விதான் முதலில் பேசினாள். "இன்னா சார், கண்ணு தெர்லயா உனுக்கு? கை போயிருக்கும் சார்! புள்ளங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

இவர் இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்தார். பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். எனக்கு முன்பே தெரியும் என்பது அந்த நொடியில் இவருக்குத் தெரிந்துவிட்டது.

செல்வியிடம் இவரே கையெடுத்துக் கும்பிட்டார். பலகைக்கும் பூவுக்கும் கொடுத்தோம். "வுடு சார், கை கீது, அது போதும்" என்றாள். வண்டியை ஷோரூம் டிரைவர்தான் எங்கள் பார்க்கிங்கில் விட்டார்.

பூசணிக்காய் உடைக்கவே இல்லை. பால்கனியில் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

ரசம், அப்பளம். கடைக்குப் போனேன். ஒரு பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, வாசலிலேயே திரும்பி வந்து கேட்டார்கள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தெருவில் மைக்செட்.

பேப்பரில் வண்டி விலை ஏற்றம். இவர் சத்தமாகப் படித்தார். மூன்று நாளில் முதல் பேச்சு. "நம்ம மாடல் நாப்பதாயிரம் ஏறியிருக்கு. நாம லாபத்துலதான் எடுத்திருக்கோம்." பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீ ஏன் சொல்லல வசந்தா?" என்றார்.

"நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா ஓட்ட விடமாட்ட."

"நான் சொல்லியிருந்தா அன்னிக்கி எடுத்திருக்க மாட்டீங்க. நீங்க சந்தோஷமா இருந்தீங்க, அதான் சொல்லல. அந்தம்மா கை போயிருந்தா அந்தப் பாவம் எனக்குத்தான்."

மைக்செட்காரன் நிறுத்தவே இல்லை.

ஜூலை 19, சனி

கண் டாக்டர். நான் கூடப் போனேன், ஆட்டோவில். மறுபடி சோதனை. பங்குனியை விடக் கறுப்பு அதிகம். "டிரைவிங் வேண்டாம் சார்." இவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வரும் வழியில் கவிதா போன். வண்டியை விற்றுவிடச் சொல்கிறாள். இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். ஓடாத புது வண்டிக்கு என்ன மதிப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவர். இவர் ஓட்டியது நாலு எலுமிச்சம்பழ தூரம்.

சொட்டு மருந்து இரண்டும் இனி என் கடையில்.

ஜூலை 22, செவ்வாய்

ஒருவழியாகத் தூறல். குடை இருந்தது. கேஸ் வந்தது.

ஆறரைக்குத் திரும்பினேன். வீடு பூட்டியிருந்தது. ஏழுமலை, "சார் வண்டில குந்திகினு கீறாரு மா. நாலு நாளா இந்நேரத்துக்கு வந்துடறாரு. எங்கயும் போறதில்ல. உள்ள டிவி மாதிரி ஒண்ணு எரியுது."

போனேன். வண்டிமேல் போட்டிருந்த கவரைக் கழற்றி அழகாக மடித்து வைத்திருக்கிறார். டிரைவர் சீட்டில் இவர், சீட் பெல்ட் போட்டபடி. திரையில் மேலிருந்து பார்த்தாற்போல எங்கள் வண்டி. சுற்றிலும் தூண்கள், ஏழுமலையின் நாற்காலி, மாடி வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிள், ஒரு பூனை.

இடது பக்கம் போய், கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றேன். கூப்பிடவில்லை. இவர் தலை திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகு திரையின் ஓரத்தில் என் பச்சைப் புடவை தெரிந்திருக்க வேண்டும். திரையைப் பார்த்துச் சிரித்தார். திரையைப் பார்த்தே கையசைத்தார்.